பன்னிரண்டுக்குக் கீழே

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலிலும் பல் மருத்துவரிடமும் மட்டும் அது செல்லுபடியாகும். மற்ற இடங்களில் எல்லாம் அவள் அடுப்புக்காரி. மண் ஆய்வுக்கூடத்தின் மூலையில் பீரோ மாதிரி நிற்கிற மின் அடுப்பு அவள் பொறுப்பில் இருந்தது. வயல்களிலிருந்து வரும் மண்ணைச் சின்னச் சின்ன அலுமினிய டப்பாக்களில் போட்டு எடை பார்ப்பாள். அடுப்புக்குள் ஒரு முழு நாள் காய வைப்பாள். மறுபடி எடை பார்ப்பாள். குறைந்த எடைதான் அந்த மண்ணில் இருந்த தண்ணீர். ஈரத்துணியை நிறுத்துவிட்டு, காயப்போட்டு, மறுபடி நிறுப்பதற்கு மேல் இதில் ஒரு வித்தையும் கிடையாது. ஆனால் இதையே பொய் சொல்லாமல் வருஷக்கணக்கில் செய்வதற்குத் தனிப் பிடிவாதம் வேண்டும் என்பது அவள் கட்சி.

பட்டப்பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுவது நல்லது. அடுப்பு சும்மாதானே எரிகிறது என்று கணக்குப் பிரிவு ஆசாமி ஒருவர் மதியச் சாப்பாட்டைச் சூடாக்க அதற்குள் வைத்துவிட்டார். ஆய்வுக்கூடம் முழுக்க வெங்காய வாசனை. அடுப்புக்காரி அந்தப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், கணக்குப் பிரிவுல இந்த வாரம் ஈரப்பதம் எண்பது சதவீதம். சரிபார்த்தாச்சு. கையெழுத்துப் போடட்டுமா?"

அன்றைக்கு அடுப்புக்குப் பூட்டு வந்தது, அவளுக்குப் பெயர் வந்தது. பேருந்து ஓட்டுநரான அவள் வீட்டுக்காரர் இந்தக் கதையைத் தன் பணிமனை முழுக்கப் பரப்பினார். "மண்ணை அவ்வளவு பதமா வறுக்கிறா. வீட்டுல கத்திரிக்காயை வச்சா மட்டும் கரியாகுது" என்பார். அவள் முறைப்பாள். அவர் இன்னொரு தடவை சொல்வார்.

மூக்குக்கு மேல் கோபம் என்று அவளைச் சொல்வார்கள். சொன்னவர்கள் யாரும் அந்தக் கோபம் எதற்கு வருகிறது என்று கவனித்ததில்லை. தராசில் தூசி இருந்தால் வரும். டப்பாவின் மூடி மாறியிருந்தால் வரும். இருப்பதை இல்லை என்றாலும், இல்லாததை இருக்கிறது என்றாலும் வரும். இந்த மூன்றும் நடக்காத நாட்களில் அவளைப்போலச் சாதுவான பெண்மணி அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. அப்படிப்பட்ட நாட்கள் குறைவு என்பது அவள் குற்றமா?

அவள் வளர்ந்தது வாய்க்காலின் கடைசியில். அணையை ஒட்டி இருப்பது தலைமடை. தண்ணீர் முதலில் அங்கே போகும். கடைசியில் இருப்பது கடைமடை. பரிமாறிக்கொண்டே வந்து கடைசி ஆளிடம் வரும்போது வெறும் கரண்டி மட்டும் வந்து சேருமே, அந்த இடம். அங்கே அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி வரும், வயலுக்குப் போனால் போய்விடும். சின்னவளுக்கு நேர் எதிர். யாரும் யாருக்காகவும் எதையும் தியாகம் செய்யவில்லை. அவரவருக்குப் பிடித்ததை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். அக்கா கல்யாணம் ஆன பிறகும் அதே நிலத்தில் கணவரோடு மக்காச்சோளம் போட்டாள். தங்கை மண்ணியல் படித்து, ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அதற்கே தலைவராக உயர்ந்தாள்.

வேலையில் சேர்ந்த நாளில் அவள் தனக்குத் தானே ஒரு விதி போட்டுக்கொண்டாள். அக்கா வயலில் மட்டும் ஒரு பிடி மண்கூட எடுப்பதில்லை. எடுத்தால், சொந்தக்காரி என்று நாளைக்கு எவனாவது வாயைத் திறப்பான்.

"ஊரெல்லாம் தோண்டுற. என் வயலைத் தோண்ட மட்டும் உனக்குக் கை வலிக்குதா?" என்று அக்கா கேட்பாள்.

"சொந்தக்காரின்னு சொல்லுவாங்கக்கா."

"சொல்லட்டுமே. சொந்தக்காரிதானேடி நீ?"

அடுப்புக்காரி பேச்சை மாற்றுவாள். விதியை மட்டும் மாற்றவில்லை.

முன்பெல்லாம் தண்ணீர் விடுவது முறைப்படி. மதகுக் கொட்டகையின் சுவரில் ஒரு பலகை இருக்கும். தலைமடையிலிருந்து கடைமடை வரை பகுதிக்கு ஒரு துளை. யாருக்கு முறையோ அந்தத் துளையில் ஒரு மரக்குச்சி செருகியிருக்கும். அந்தப் பகுதிக்குத் தண்ணீர் போய் முடிந்தால்தான் குச்சி அடுத்த துளைக்கு நகரும். போகாவிட்டால் எத்தனை வாரமானாலும் அங்கேயே நிற்கும். மதகுக்காரர்கள் பரம்பரை பரம்பரையாக அந்தக் குச்சியைத் தவிர வேறு எவன் பேச்சையும் கேட்டதில்லை.

பிறகு ஈரப்படம் வந்தது. எந்த வயல் காய்ந்திருக்கிறது, எது நனைந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, காய்ந்த இடத்துக்கு முதலில் தண்ணீர் விடலாமே என்பது யோசனை. நல்ல யோசனைதான். அடுப்புக்காரியே அதற்காகப் பல கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசியவள். வயல்களில் நட்டு வைத்த உணர்கம்பிகள் ஒயர் வழியாக ஈரத்தைச் சொல்லும். வானத்திலிருந்து செயற்கைக்கோள் ஒரு கணக்குச் சொல்லும். இந்த இரண்டும் உண்மை பேசுகின்றனவா என்று சரிபார்க்க ஆய்வுக்கூடத்து டப்பா. மூன்றையும் ஒரு கணினி நிரலில் போட்டுப் பிசைந்தால் வாரம் ஒரு வண்ணப்படம் வரும். பச்சை என்றால் ஈரம் போதும். சிவப்பு என்றால் உடனே தண்ணீர் விடு. குச்சியை நம்பாதே, படத்தை நம்பு என்று மதகுக்காரர்களுக்கு உத்தரவு போயிற்று. அவர்கள் முணுமுணுக்கவே, உத்தரவின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். படம் வராத வாரத்தில் பழையபடி குச்சி.

படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். நேரடி மண் ஆய்வுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது. அதற்குக் கீழே ஆய்வுக்கூடத் தலைவரின் கையெழுத்து. அது இல்லாமல் படம் வெளியே போகக்கூடாது. இயக்குநர்தான் இந்த நிபந்தனையைப் போட்டவர். கையெழுத்து இருந்தால் ஜனங்கள் நம்புவார்கள் என்றார். வியாழக்கிழமை தேநீர்த் தட்டோடு படமும் வரும். தேநீர் ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது அந்த அலுவலகத்தின் வழக்கம். அடுப்புக்காரியும் அப்படித்தான் போட்டு வந்தாள்.

அந்தக் கோடையில் குச்சி கடைமடைத் துளையில் நின்றது. ஆனால் படத்தில் கடைமடை பச்சை. ஆகவே தண்ணீர் வேறு பக்கம் போனது. அடுத்த வாரமும் பச்சை. அதற்கடுத்த வாரமும்.

அக்கா தொலைபேசியில் வந்தாள். "ஏன்டி, உன் படத்துல நாங்க பச்சையாமே? யாரு வந்து பெயின்ட் அடிச்சது?"

"அது மொத்தப் பகுதிக்கும் சேர்த்து வர்ற கணக்குக்கா. உன் மேட்டு வயல் கொஞ்சம் காஞ்சிருக்கலாம்."

"மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. எல்லாம் ஒண்ணாக் காயுது. கீழ உன் கையெழுத்து வேற இருக்காம். பஞ்சாயத்துச் சுவத்துல ஒட்டியிருக்கான். போறவன் வர்றவன் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்."

அடுப்புக்காரி ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. படம் தயாரிக்கிறவரை அலுவலகத்தில் படக்காரர் என்பார்கள். அவரிடம் போய்க் கேட்டாள். கடைமடை டப்பாக்கள் எல்லாம் அடுப்பிலிருந்து தூசியாக வெளியே வருகின்றன, படம் மட்டும் எப்படிப் பச்சை என்று. அவர், சராசரி மேடம், சுற்று வட்டாரமெல்லாம் சேர்ந்து வருகிறது என்றார். அவளுக்கு அன்று வேறு வேலை இருந்தது. சரி என்று வந்துவிட்டாள். தன் அடுப்பிலிருந்து போன எண் படத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பினாள். தபால் பெட்டியில் போட்ட கடிதம் போய்ச் சேரும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோமே, அந்த மாதிரி நம்பிக்கைதான்.

ஆனால் அக்காவின் குரல் காதிலேயே நின்றது. அந்த வாரம் மண் எடுக்க ஆளை அனுப்பாமல் அவளே போனாள்.

மண் எடுக்கும் குழாயைத் திருகி இறக்கினால் இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை. உடம்பு பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினாள். வெளியே வந்த மண்ணை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்தாள். ஈரமிருந்தால் உருண்டை நிற்கும். இது விரலிடுக்கு வழியாகச் சல்லென்று கொட்டியது. வழக்கமான வயல்கள் ஒவ்வொன்றிலும் எடுத்தாள். எல்லா இடத்திலும் அதே கதை. டப்பாக்களை மூடி, காற்றுப் புகாமல் ஒட்டி, பையில் அடுக்கிக்கொண்டு அக்கா வயலுக்குப் போனாள். மண் எடுக்க அல்ல, அக்காவைப் பார்க்க.

சோளம் இடுப்புக்கு மேல் வளர்ந்து கதிர் பிடிக்கிற நேரம். இந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் பிறகு குடம் குடமாக ஊற்றினாலும் கதிரில் மணி இருக்காது. இலைகள் வெயிலுக்குப் பயந்து சுருட்டிக்கொண்டு பீடி மாதிரி நின்றன. அக்கா வரப்பில் நின்றாள். வா என்றும் சொல்லவில்லை.

அத்தான்தான் பேசினார். "உள்ள வந்து உக்காரும்மா. வெயில்ல நிக்காத."

"அவ ஏன் உக்காரணும்?" என்றாள் அக்கா. "இங்கதான் ஈரமாச்சே. காலு சேறாயிடும்."

"அக்கா, நான்..."

"இந்த வாரமும் தண்ணி வரலன்னா அறுத்து மாட்டுக்குப் போட்டுடுவேன். இன்னும் நாலு நாள் போனா மாடும் திங்காது. சொல்லிட்டேன்."

"இந்த வாரம் வரும்க்கா. இந்த டப்பாவை நானே காயவச்சு, நானே எண்ணைக் கையில கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வராம எங்க போகும்?"

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பார்க்கலாம்" என்றாள்.

முழு நாள் காய்ந்த பிறகு காலையில் அடுப்பைத் திறந்து எடை பார்த்தபோது ஏழு சதவீதம் வந்தது. அந்த மண்ணில் பன்னிரண்டு இருந்தாலே பயிர் தள்ளாடும். ஏழு என்பது செத்த மண். தராசைத் துடைத்து மறுபடி நிறுத்தாள். ஏழுதான். மற்ற டப்பாக்களும் ஏழு, எட்டு, ஒன்று ஆறரை. எண்களை எடுத்துக்கொண்டு படக்காரரின் அறைக்குப் போய், நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, என் கண்ணு முன்னாடி போடுங்க."

அவர் போட்டார். திரையில் கடைமடை இருக்கும் இடத்தில் புள்ளிகள் வரிசையாக வந்தன. பொத்தானை அழுத்தினார். புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. படம் வந்தது. போன வாரத்தைவிட இன்னும் கொழுத்த பச்சை.

"என் புள்ளியெல்லாம் எங்க?"

"வடிகட்டி எடுத்துடுச்சு மேடம்."

"எந்த வடிகட்டி? தேநீர் வடிகட்டியா?"

படக்காரர் நல்ல மனிதர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கொடுத்த வேலையைக் கொடுத்தபடி செய்கிறவர். நாட்டில் பாதி அநியாயம் இப்படிப்பட்ட நல்ல மனிதர்களின் கை வழியாகத்தான் நடக்கிறது. அவர் விளக்கினார். முன்னொரு வருஷம் உழும்போது ஒரு கம்பியின் ஒயர் அறுந்துபோனது. அறுந்த ஒயர் ஈரம் பூச்சியம் என்று சொன்னது. படம் சிவந்தது. மேலிடத்து ஆட்கள் கார் கட்டிக்கொண்டு ஓடி வந்து பார்த்தால், வயலில் முழங்கால் தண்ணீர். பத்திரிகையில் எழுதிக் கிழித்துவிட்டார்கள். இயக்குநருக்கு ஒரே தலைகுனிவு. அன்றைக்கு அவர் போட்ட விதி இது. பன்னிரண்டுக்குக் கீழே எந்த எண் வந்தாலும் அது பிழை. தூக்கிப் போட்டுவிட்டு, பக்கத்துப் புள்ளியின் எண்ணை அங்கே போட்டு நிரப்பு.

"அது கம்பிக்குச் சரி" என்றாள் அடுப்புக்காரி. "இது டப்பா. டப்பாவுக்கு ஒயரே கிடையாதே தம்பி. எதை எவன் வந்து அறுத்தான்?"

"நிரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது மேடம். எண்ணைத்தான் பார்க்கும்."

"சரி, பக்கத்துப் புள்ளின்னா எது?"

படக்காரர் திரையில் தேடினார். கடைமடையில் ஒரே ஒரு புள்ளி தப்பியிருந்தது. சொந்தமாக ஆழ்கிணறு வைத்திருந்த ஒரு பண்ணை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் நனைந்த நிலம் அது ஒன்றுதான்.

அடுப்புக்காரிக்கு உச்சந்தலை வரை ஏறியது. "பக்கத்து வீட்டுக்காரன் சாப்பிட்டா என் வயிறு நிறையுமா? காஞ்சவன் வாயை எல்லாம் பொத்திட்டு, குளிச்சுட்டு நிக்கிறவனைக் கூப்பிட்டு, தாகமா இருக்கான்னு கேக்குறீங்க. அவன் இல்லைங்கிறான். உடனே பச்சை அடிக்கிறீங்க."

"மேடம், நான்..."

"இந்தக் கோடையில என் டப்பா எத்தனை இப்படிப் போச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முதல்ல ஒண்ணு ரெண்டு. இப்ப கடைமடையோடது எல்லாமே மேடம்."

நிலம் காயக் காயப் படம் பச்சையாகியிருக்கிறது. கொஞ்சம் காய்ந்திருந்தபோது எண்கள் பன்னிரண்டுக்கு மேலே இருந்தன, படத்துக்குள் போயின. ரொம்பக் காய்ந்தபோது ஒவ்வொன்றாக வெளியே விழுந்தன. முழுசாகக் காய்ந்தபோது கிணற்றுக்காரன் மட்டும் மிச்சம். காவலுக்கு வைத்த விதியே பயிரை மேய்ந்திருக்கிறது. எதிரிகள் கூடிக் கூடி யோசித்தாலும் இப்படி ஒன்றைச் செய்ய முடியாது. இதற்கென்று படித்த நாலு பேரும், தேநீரும், வியாழக்கிழமையும் வேண்டும். அந்த நாலு பேரில் அவளும் ஒருத்தி. ஒவ்வொரு வாரமும் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவள். அந்த நினைப்பு வந்ததும் அவள் கோபம் இன்னும் கூடியதே தவிர, ஒரு சொட்டுக் குறையவில்லை.

"அந்த வடிகட்டியை எடுத்துட்டு ஒரு தடவை போடுங்க."

போட்டார். கடைமடை மொத்தமும் ரத்தச் சிவப்பு. 

"ரெண்டு நிமிஷ வேலை மேடம்" என்றார் படக்காரர். "ஆனா சார் சொல்லணும்."

அன்றைக்கு வியாழன். இயக்குநர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பது அவருடைய முக்கியமான ஆயுதம்.

"நீங்க சொல்றது வாஸ்தவம்தாம்மா. ஆனா சீசன் நடுவுல விதியை மாத்தினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? முடியட்டும். ஒரு குழு போட்டுப் பார்த்துடுவோம்."

"சீசன் முடிஞ்சா பயிரும் முடிஞ்சுடும் சார். குழு எதைப் பார்க்கும்? அறுத்த தாளையா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க."

"ஏழு சதவீதம்கிறது உணர்ச்சி இல்ல சார். எடை."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அக்கா நிலம் அங்கதானே இருக்கு?"

 இத்தனை வருஷமாக அவள் எந்த வாயை அடைக்க அந்த விதியைக் கட்டிக் காத்தாளோ, அந்த வாய் அவளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா வயல்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு பிடி மண் எடுத்ததில்ல சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். அந்த நல்ல பேரைக் கெடுத்துக்காதீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். இவர் அதையும் தாண்டிவிட்டார். பூசணிக்காயைப் பார்த்தவளிடமே, உன் கண்ணில்தான் கோளாறு என்கிறார். அடுப்புக்காரி எழுந்து தன் மேசைக்கு வந்தாள். தேநீர்த் தட்டு காத்திருந்தது, பச்சைப் படமும் காத்திருந்தது. படத்தை எடுத்தாள். சரிபார்க்கப்பட்டது என்ற வாசகத்தை முதல்முறையாக ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

தேநீர் ஆறியது. உதவியாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இயக்குநர் ஆள் அனுப்பினார். பிறகு அவரே வந்தார். "போடுங்கம்மா, நேரமாகுது" என்றார். "உத்தரவாத்தான் சொல்றேன்" என்றார். கடைசியில், "இது எங்க போய் முடியும்னு தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார். கடைமடையில போய் முடியும்."

கையெழுத்துக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. படத்துக்கு மதிப்பு வரட்டும் என்று அந்த நிபந்தனையைப் போட்டவர் அவரே. அதை நினைத்து அவர் பல்லைக் கடித்தது பக்கத்து அறை வரை கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை மதகுக்காரர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். "படம் வரலீங்களா?" வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். அவர் ஒரு கேள்வி கேட்காமல் பலகையைப் பார்த்தார். குச்சி வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றது. மதகைத் திறந்தார். அந்தக் கோடையில் முதல் தடவையாகத் தண்ணீர் கடைமடைக்குக் கிளம்பியது.

தண்ணீர் போகிற வேகத்தைவிட வேகமாக உத்தரவும் வந்தது. சொந்தபந்தத்துக்காகப் பணியில் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டதாகப் புகார். விசாரணை முடியும் வரை வேலைக்கு வரக் கூடாது. அடுப்புச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதைக் கொடுக்கும்போதுதான் அவளுக்கு முதல்முறையாகக் கண்ணில் நீர் வந்தது. வேலை போய்விடுமே என்று இல்லை. நாளைக்கு எவனாவது அதற்குள் சாப்பாட்டை வைப்பான் என்று.

வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல் பாத்திரங்களை எல்லாம் இரண்டு தடவை தேய்த்தாள். அக்காவுக்குப் பலமுறை தொலைபேசியில் போட்டுப் பார்த்தாள். மணி அடித்து அடித்து நின்றது.

"தண்ணி வந்திருக்குல்ல. ரெண்டு பேரும் வயல்லயே கெடப்பாங்க" என்றார் வீட்டுக்காரர். "போன் எடுக்கவா நேரம்? வேலை முடிச்சதும் அவங்களே கூப்பிடுவாங்க பாரு. நல்லாத் திட்டிட்டு அப்புறம் சிரிப்பாங்க."

அப்படித்தான் இருக்கும் என்று அவளும் எண்ணிக்கொண்டாள். சுருண்ட இலைகள் தண்ணீர் குடித்து மெல்ல விரிவதைக் கண்ணை மூடினால் பார்க்க முடிந்தது. என்ன நடந்தாலும் நடக்கட்டும், கொடுத்த வாக்கு நின்றுவிட்டது என்ற நிம்மதி இருந்தது.

அடுத்த வாரம் விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வயதான அம்மாள். அதிகம் பேசாதவர். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "நிலத்தைப் பார்க்கணும்" என்றார். அவரும் இயக்குநரும் அடுப்புக்காரியும் ஒரே காரில் போனார்கள். வழி முழுக்க இயக்குநர் விதிகளின் அவசியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. கடைமடையில் பிழைத்த வயல்களும் இருந்தன, பிழைக்காத வயல்களும் இருந்தன. தும்பை விட்டு வாலைப் பிடித்தால் கையில் கிடைக்கிற மிச்சம் அவ்வளவுதான். ஆனாலும் பல இடங்களில் சோளம் நிமிர்ந்திருந்தது. அதைப் பார்த்தபோது அடுப்புக்காரியின் நெஞ்சு கொஞ்சம் விம்மியது.

கார் அக்கா வயலுக்கு முன்னால் நின்றது.

வயலில் சோளம் இல்லை. கணுக்கால் உயரத்துக்குச் சீவிவிட்ட தாள்கள் மட்டும் வரிசை வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே தண்ணீர் பளபளவென்று பரவி, அந்தப் பக்கத்து வரப்பில் வெட்டியிருந்த மடை வழியாக அடுத்த வயலுக்குள் ஓடியது. அடுத்த வயலில் பயிருக்கு உயிர் இருந்தது. அக்கா மண்வெட்டியோடு மடையருகே நின்றாள். அத்தான் காரைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எப்ப அறுத்தீங்க அத்தான்?" என்றாள் அடுப்புக்காரி. 

"வியாழக்கிழமை காலையிலம்மா. எப்படியும் பச்சைதான் வரும்னு இருந்துட்டோம். மாடாவது திங்கட்டும்னு..." 

வியாழக்கிழமை காலை. அவள் அடுப்பைத் திறந்து ஏழு என்று பார்த்த அதே காலை.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். அறுத்த வயலை அவர் எதிர்பார்க்கவில்லை. அதிகாரி அம்மாள் வரப்பில் இறங்கி, செருப்பு சேறாவதைப் பொருட்படுத்தாமல் அக்கா பக்கத்தில் போய் நின்றார்.

"உங்க வயலுக்குத் தண்ணி கிடைக்கணும்னுதான் உங்க தங்கச்சி படத்துல கையெழுத்துப் போடலன்னு புகார் வந்திருக்கும்மா. நீங்க என்ன சொல்றீங்க?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். தாள்களைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளைப் பார்த்தாள்.

"எனக்காகவா? எனக்காகன்னா போன மாசமே போடாம இருந்திருப்பா. அப்ப சோளம் இருந்துச்சு."

அதிகாரி அம்மாள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.  அக்கா மண்வெட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து வயலுக்குத் தண்ணீர் சரியாகப் போகிறதா என்று பார்க்கப் போனாள்.